துண்டு போட்டவர் வரும்வரை

எங்கள் வேம்பங்குறிச்சி ஸ்டேஷனில் துண்டு போட்ட ஆள் வந்து உட்காராமல் காலை வண்டி கிளம்பாது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், எனக்கு ஒன்றும் நட்டமில்லை. ஜங்ஷன் பாத்திரக்கடையில் எவர்சில்வர் குடத்தைத் தட்டித் தட்டிக் காட்டியே தலை நரைத்தவன் நான், நம்பாத மூஞ்சிகளைத் தினமும் பார்க்கிறவன். நம்பினால் இருங்கள், இல்லையென்றால் எழுந்து போங்கள். ஆனால் நடுவில் எழுந்து போகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஊருக்கு மினி பஸ் உண்டு. மழை பெய்தால் அது வராது, கோயில் கொடை என்றால் வராது, டிரைவரின் மச்சினனுக்குப் பெண் பார்க்கப் போனால் வராது, வருகிற நாளிலும் பாதி வழியில் நின்று நம்மையே இறங்கித் தள்ளச் சொல்லும். ஆகையால் பால்கேன் கொண்டுபோகிறவனுக்கும், கீரைக்கட்டு சுமக்கிறவளுக்கும், காலேஜ் பிள்ளைகளுக்கும், கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவனுக்கும், அவன் மேல் கேஸ் போட்டவனுக்கும், பேறுகாலத்துக்குப் போகிறவளுக்கும், பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்புகிறவளுக்கும் காலை ஏழு மணி பாசஞ்சர் ஒன்றுதான் கதி. கிழக்கேயிருந்து அது வரும்போதே பாதி நிறைந்து வரும். மீதிப் பாதிக்குத்தான் துண்டு. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டையோ கர்ச்சீப்பையோ சாப்பாட்டுப் பையையோ சீட்டில் போட்டுவிட்டால் அந்த இடம் போட்டவருக்குச் சொந்தம். ரயில்வேயின் சட்டப் புத்தகத்தில் இது கிடையாது. ஆனால் ரயில்வேயின் சட்டத்தை மீறியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், துண்டின் சட்டத்தை மீறிய ஒருத்தனைக்கூடப் பார்த்ததில்லை.

துண்டு போடுவதில் பந்தல் பால்வண்ணனை மிஞ்ச ஆளில்லை. சுற்றுவட்டாரத்தில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர் பந்தல்தான்; கீழே நின்றுகொண்டே கயிற்றை மேலே வீசி, உச்சிக் கம்பில் சுற்றி விழ வைக்கிற கை அது. வண்டி ஓடிக்கொண்டே வரும்போது இவர் பிளாட்பாரத்தில் நின்ற இடத்திலிருந்து ஒரு வீசு வீசினால் துண்டு ஜன்னல் கம்பிக்குள் நுழைந்து, சீட்டில் போய் விரித்துப் போட்ட மாதிரி விழும். அப்பேர்ப்பட்ட மனுசனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் இரண்டு கிட்னியும் போய்விட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் பெரியாஸ்பத்திரிக்குப் போய், மிஷினில் படுத்து, உடம்பு ரத்தத்தையெல்லாம் கழுவிக்கொண்டு வரவேண்டும். ஒரு முறை தவறினால் காலில் நீர் கோக்கும், தொடர்ந்து தவறினால் நெஞ்சில் ஏறிவிடும், அப்புறம் தன் கையில் ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தாள். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே போக அவர் உடம்பில் தெம்பு கிடையாது. இந்த வண்டியைப் பிடித்தால் அவர் பிழைத்துக் கிடப்பார், விட்டால் இல்லை. ஊர் முழுக்க இது தெரியும்.

பங்குனி உத்திரம் முடிந்த பின்னால் வந்த ஒரு வியாழக்கிழமைதான் முதல் முதலாக அது நடந்தது. பால்வண்ணன் துண்டைப் போட்டுவிட்டார், ஆனால் கால் நகரமாட்டேன் என்கிறது. அவர் பெண்டாட்டி தங்கபுஷ்பம், பீடி சுற்றுகிறவள், ஒரு தோளில் அவரையும் மறு தோளில் ஆஸ்பத்திரிப் பையையும் தாங்கிக்கொண்டு, "செத்த நில்லுங்கய்யா, செத்த நில்லுங்கய்யா" என்று வண்டியைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டே வருகிறாள். கார்டு விசில் ஊதினார், பச்சைக் கொடி காட்டினார், டிரைவர் ஹாரன் அடித்தார், இன்ஜின் உறுமியது, வண்டி அசையவில்லை. டிரைவர் இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார், கார்டு இறங்கி டிரைவரைப் பார்த்தார். அதற்குள் பால்வண்ணன் படியேறி, போய்த் தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். உடனே வண்டி கிளம்பிவிட்டது. என்னமோ கோளாறு, சரியாகிவிட்டது என்று எல்லோரும் அவரவர் பேப்பரை விரித்துக்கொண்டோம்.

அடுத்த வாரம் காலேஜ் பிள்ளை ஒருத்தியின் துப்பட்டாவுக்காக நின்றது. அதற்கு மறுநாள் எனக்காகவே நின்றது. செருப்பு அறுந்து நான் லெவல் கிராசிங்கில் நொண்டிக்கொண்டிருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு ரயிலே எனக்காகக் காத்திருந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, வீட்டில்கூட எனக்காக யாரும் சாப்பிடாமல் காத்திருந்தது கிடையாது.

அப்புறம் ஊர் சும்மா இருக்குமா? எதெல்லாம் துண்டு, எதெல்லாம் துண்டில்லை என்று டீக்கடையில் விசாரணை நடந்தது. கர்ச்சீப் செல்லும், தூக்குவாளி செல்லும், கீரைக்கூடையின் சும்மாடு செல்லும், செய்தித்தாள் செல்லாது. அதை யாரும் தன்னுடையது என்று மனதார நினைப்பதில்லை போலிருக்கிறது. அடுத்தவர் எடுத்து வெளியே எறிந்தாலும் வண்டி நகராது, மறுபடி உள்ளே கொண்டுவந்து போட வேண்டியிருக்கும். போட்டவரே வந்து தன் கையால் எடுத்துக்கொண்டு இறங்கிப்போனால் மட்டும் வண்டி அவரை விட்டுவிட்டுக் கிளம்பும். இந்த விதியைக் கண்டுபிடித்தது மதுரையிலிருந்து விசாரிக்க வந்த பெரிய அதிகாரிதான். அவர் நம்பாமல் தன்னுடைய பூத்துவாலையைச் சீட்டில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார், வண்டி நின்றது. திரும்பி வந்து துவாலையை எடுத்துக்கொண்டு இறங்கினார், வண்டி போய்விட்டது, அவர் பிளாட்பாரத்தில் நின்றார். அதன்பிறகு மதுரையிலிருந்து யாரும் வரவில்லை.

இடம் கொடுத்தால் மடம் பிடுங்குகிற கூட்டமும் இருக்கத்தான் செய்தது. ஒரு கல்யாணக் கோஷ்டி, மாப்பிள்ளையின் தாய்மாமன் சவரம் முடித்து வரும்வரை வண்டியைத் துண்டு போட்டு நிறுத்தியது. அன்றைக்குக் கீரைக்காரி பேச்சித்தாய் அந்தத் தாய்மாமனைக் கேட்ட கேள்விகளில் அவருக்கு அவசரச் சவரத்தில் பாதி மீசை போனதே பெரிதாகத் தெரியவில்லை. அதற்கப்புறம் ஊர் கூடி, டிக்கெட் எடுத்துவிட்டு, ஸ்டேஷன் வாசலுக்குள் கால் வைத்த பிறகுதான் துண்டு என்று கட்டுப்பாடு வைத்தது. எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் துர்கேஷ் பீகார்க்காரப் பையன், வந்த புதிதில் தமிழில் 'தண்ணி' தவிர ஒன்றும் தெரியாது. அவனும் இதற்குப் பழகிவிட்டான். சிக்னல் போடுவதற்கு முன்னால் பெட்டி பெட்டியாக எட்டிப் பார்த்து, "துண்டு யாரு? துண்டு யாரு?" என்று கூவிக்கொண்டு போவான். சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள்கூட மினி பஸ்ஸை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்து எங்கள் ஸ்டேஷனுக்கு வர ஆரம்பித்தார்கள். தாமதமாக ஓடியவர்களெல்லாம் நிதானமாக நடந்தார்கள். நிதானமாக நடந்தவர்களெல்லாம் நேரத்துக்கு வந்தார்கள். வண்டி முன்னைவிட ஒழுங்காக ஓடியது, அதுதான் வேடிக்கை.

எல்லோரையும்விட நிம்மதி தங்கபுஷ்பத்துக்குத்தான். "எண்ணே, இனிமே இவியள இழுத்துக்கிட்டு ஓட வேண்டாம். வண்டி அவிய வீட்டு மாப்பிள்ளையாட்டம் காத்துக் கெடக்கு" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து நான் ரொம்ப நாளாகப் பார்த்திருக்கவில்லை.

ஆனால் பால்வண்ணன் சிரிக்கவில்லை. கார்த்திகை மாதத்துக்குள் அவர் பேச்சு குறைந்துபோயிற்று. கை நரம்பில் ஊசி குத்திக் குத்தி முண்டும் முடிச்சுமாக இருந்ததை முழுக்கைச் சட்டை போட்டு மறைத்துக்கொண்டார். ஒரு நாளைக்கு ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று கட்டளை. எதிர் சீட்டில் ஒருத்தன் பாட்டிலைத் திறந்து கடகடவென்று குடித்தால் இவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் தங்கபுஷ்பம் நின்றபடியே, மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தூங்குவதை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, ஒரு ஆளு நோவுல ரெண்டு ஆளு சாகுதோம் பாத்தீரா" என்றார். "வாய கழுவும் வே" என்று நான் சத்தம் போட்டுவிட்டேன். எனக்கு ஆறுதலாகப் பேச வராது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

அது ஒரு சனிக்கிழமை. வண்டி உள்ளே வந்தது, பால்வண்ணன் வழக்கம்போல் வீசினார், துண்டு மூன்றாவது ஜன்னலுக்குள் போய் விழுந்தது. "நீ ஏறு, நான் ஒரு வாய் டீ நனைச்சிட்டு வாரேன்" என்று தங்கபுஷ்பத்தை முன்னால் அனுப்பினார். அவளும் பையோடு ஏறித் துண்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். விசில் ஊதியாயிற்று, கொடி காட்டியாயிற்று, வண்டி நகரவில்லை. துர்கேஷ் பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டு எங்கள் ஜன்னலுக்கு வந்து, "துண்டு யாரு?" என்றான்.

"எங்க வீட்டுக்காரவுகளுது தம்பி. டீக்கடையில நிக்காவ" என்றாள் தங்கபுஷ்பம்.

டீக்கடையில் அவர் இல்லை. கக்கூஸ் பக்கம் இல்லை, டிக்கெட் கவுண்டரில் இல்லை. தங்கபுஷ்பத்தின் முகம் வெளிறிப்போவதை நான் பார்த்தேன். முந்தின வியாழக்கிழமையும் காய்ச்சல் என்று அவர் போகாமல் இருந்துவிட்டார். இன்றைக்கும் விட்டால் என்னாகும் என்று டாக்டரம்மா சொன்னது எல்லோர் காதிலும் கேட்ட மாதிரி இருந்தது. ஒருத்தர் இறங்கினார், இருவர் இறங்கினார்கள், பிறகு பெட்டி பெட்டியாக ஜனம் இறங்கிற்று. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் புத்தகத்தோடு இறங்கினார்கள், பால்காரன் கேனை விட்டுவிட்டு இறங்கினான், கோர்ட்டுக்குப் போகிற வாதியும் பிரதிவாதியும் ஆளுக்கொரு பக்கமாகத் தேடப் போனார்கள். எங்கிருந்தோ வந்து எங்கேயோ போகிற வெளியூர்க்காரர்கள்கூட, யாரைத் தேடுகிறோம் என்று தெரியாமலேயே, "ஐயா, ஐயா" என்று கூப்பிட்டுக்கொண்டு தண்டவாளம் ஓரமாக நடந்தார்கள்.

"இந்தா இருக்காவ மனுசன்!" என்று பேச்சித்தாயின் குரல் பழைய கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து கேட்டது.

அங்கே ஒரு சிமென்ட் மூட்டை மேல் பால்வண்ணன் உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் வீங்கி, செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்.

"என்னவே இங்கன இருக்கீரு? அங்க ஒரு ரயிலே உமக்காக நிக்கி" என்றேன்.

"நீங்க போங்க அண்ணாச்சி. நான் வரல. போதும். ஊசியும் போதும், மிஷினும் போதும். அவளாவது நிம்மதியா தூங்கட்டும்."

நல்ல வார்த்தை சொல்ல வேண்டிய இடம்தான் அது. என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "வராதவன் எதுக்குவே துண்டு போட்டீரு?" என்று கத்தினேன்.

அவர் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். "போடக்கூடாதுன்னுதான் அண்ணாச்சி வந்தேன். வண்டி உள்ள வந்துச்சு, ஜன்னல் தெரிஞ்சுச்சு, கை பாட்டுக்குப் போட்டுட்டு."

"உங்க கைக்கு இருக்க அறிவு உங்களுக்கு இல்லாமப் போச்சே அண்ணாச்சி!" என்று பேச்சித்தாய் தலையில் அடித்துக்கொண்டாள். "கீர வாடுது. என் கீரக்கி யாரு பதில் சொல்லுவா? ஒண்ணு வாங்க, இல்லன்னா வந்து அந்தத் துண்ட எடுங்க!"

துர்கேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான். "ஐயா, ஒண்ணு உக்காரு, இல்ல துண்டு எடு. பின்னால கூட்ஸ் நிக்குது, எல்லாம் நிக்குது" என்று கும்பிட்டான். அவனுக்கு மரியாதை விகுதி இன்னும் வராது, ஆனால் கும்பிட நன்றாக வரும்.

அப்போது தங்கபுஷ்பம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. குனிந்து அவர் செருப்பை எடுத்து, வீங்கின காலில் மெல்ல மாட்டிவிட்டாள்.

"எந்திரிங்க. வந்து துண்ட எடுத்துக்கிடுங்க. வேண்டாம்னா வேண்டாம், வீட்டுக்குப் போவோம், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். ஆனா துண்டப் போட்டுட்டு வராம இருக்கது மரியாத இல்ல. இத்தன சனம் நமக்காவ நடுவழியில நிக்கணுமா?"

அது அவருக்கு உறைத்தது. பந்தல்காரர் இல்லையா, சொன்ன நேரத்துக்குப் பந்தக்கால் ஊன்றாத நாள் கிடையாது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எடுத்துட்டுப் போயிருதேன். அம்புட்டுத்தான்" என்றார்.

பிளாட்பாரம் முழுக்க ஜனம் ஒதுங்கி வழிவிட்டது. ஒருத்தன், "பெரிய மனுசன் செய்ற காரியமாய்யா இது, எனக்குப் பத்து மணிக்கு இன்டர்வியூ" என்று திட்டினான். திட்டிக்கொண்டே அவர் முழங்கையைப் பிடித்துப் பத்தடி கூட்டியும் வந்தான். நான் பின்னால் நடந்தேன். அவர் துண்டை எடுத்துவிட்டால் வண்டி போய்விடும், எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு, அவரை மட்டும் விட்டுவிட்டுப் போய்விடும். எடுக்காதேயும் என்று சொல்லவும் முடியவில்லை. அது அவர் துண்டு. போட்டவர்தானே எடுக்க வேண்டும்.

உள்ளேயிருந்து நாலு கைகள் நீண்டு அவரைப் படியில் தூக்கின. அவர் சீட்டு சீட்டாகப் பிடித்து நடந்தார், ஒவ்வொரு சீட்டுக்கும் நின்று மூச்சு வாங்கினார். மூன்றாவது ஜன்னலருகே அந்தச் சிவப்புக்கரைத் துண்டு விரித்தபடியே கிடந்தது. அத்தனை நெரிசலிலும் ஒரு பிள்ளைகூட அதன் மேல் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் குனிந்து துண்டின் ஒரு முனையைப் பிடித்தார். பிடித்தவருக்கு நிமிர முடியவில்லை, கூட்ஸ் ஷெட்டிலிருந்து நடந்த நடை அப்படி. "இருங்க... செத்த மூச்சு வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிக்கொண்டே, துண்டு கையிலிருக்க, பொத்தென்று சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பிவிட்டது.

அம்மாடி! பெட்டி முழுக்க ஒரே கூச்சல். ஓடிவந்து தொற்றினவர்கள், தொங்கினவர்கள், ஜன்னல் வழியே பிள்ளைகளைக் கொடுத்தவர்கள், எல்லோரும் எப்படியோ உள்ளே வந்துவிட்டார்கள். பேச்சித்தாய் கூடையோடு என் மேல் வந்து விழுந்தாள்.

"ஏ, நிறுத்துங்கடே! நான் துண்டு எடுக்கதுக்குல்லா வந்தேன்!" என்று பால்வண்ணன் பதறினார்.

"நாங்க என்னவே செய்ய? நீரு உக்காந்துட்டீரு" என்றேன். "நிறுத்தணும்னா சங்கிலி அந்தா இருக்கு. நீரே இழும்."

சொல்லியிருக்கக் கூடாதுதான். வாய் முந்திக்கொண்டது. அவர் தலைக்கு நேர் மேலே சிவப்புக் கைப்பிடியோடு சங்கிலி தொங்கிக்கொண்டிருந்தது, உட்கார்ந்தபடி எட்டினாலே போதும். அவர் அதை நிமிர்ந்து பார்த்தார். நாங்களும் பார்த்தோம். பரீட்சைப் பிள்ளைகள் பார்த்தார்கள், வாதியும் பிரதிவாதியும் ஒன்றாக நின்று பார்த்தார்கள். தங்கபுஷ்பமும் பார்த்தாள். வெளியே தரிசும் உடைமரங்களும் ஓடிக்கொண்டிருந்தன. இப்படி ஒரு நேரம் என் எதிரிக்கும் வரக்கூடாது.

அவர் பார்வையைக் கீழே இறக்கினார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு ஜன்னல் பக்கமாக உடம்பை நெருக்கி, பக்கத்தில் ஒரு சாண் இடம் பண்ணினார்.

"நின்னுக்கிட்டேதான் வரப்போறியா? உக்காரு" என்றார் தங்கபுஷ்பத்திடம்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுதாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள், யாரும் தடுக்கவில்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பி என் மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

அடுத்த ஸ்டேஷன் வந்தது. எனக்கு மறுபடி பயம் பிடித்துக்கொண்டது. இங்கே அவர் துண்டோடு இறங்கினால் வண்டி அவரைத் தடுக்காது, நாங்களும் தடுக்க முடியாது. பிளாட்பாரத்தில் ஒரு குடும்பம் வாழைத்தாரையும் கோழிக்கூடையையும் வைத்துக்கொண்டு, யார் முதலில் ஏறுவது, எதை முதலில் ஏற்றுவது என்று சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தது. பால்வண்ணன் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தங்கபுஷ்பம் அவர் சட்டையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் கையை மடக்கிக்கொண்டாள்.

அவர் ஜன்னல் கம்பியில் முகத்தை வைத்து, அந்தக் குடும்பத்தைப் பார்த்து, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"ஏ, என்னடே அங்க பேச்சு? வெரசா ஏறுங்க! பதினொரு மணிக்குள்ள நான் போகலேன்னா மிஷின வேற எவனுக்காவது குடுத்துருவாவ!"